கண் முன்னே இல்லாத சோபா: ‘ஏ.ஆர்.’ நமக்கு எதற்கு?

போன தீபாவளிக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு ஒரு சோபா வந்தது. வந்த வேகத்தில் திரும்பியும் போனது.

செராஸில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். வரவேற்பறை சிறியது. சோபா வாங்குவதற்கு முன் ‘கொள்ளுமா, கொள்ளாதா’ என்று எனக்கும் மனைவிக்கும் ஒரு வாரம் வாதம் நடந்தது. கடைசியில் என் அண்ணன் மகள்தான் தீர்ப்புச் சொன்னாள். கைப்பேசியை எடுத்தாள், கடையின் செயலியில் அந்தச் சோபாவைத் தேடினாள், கேமராவை எங்கள் தரையை நோக்கிப் பிடித்தாள். அடுத்த நொடி, சாம்பல் நிறச் சோபா எங்கள் சாமி அறைச் சுவருக்கும் தொலைக்காட்சி மேசைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. கைப்பேசித் திரையில்தான். அவள் நடந்தால் சோபாவின் பக்கவாட்டுத் தெரிந்தது, குனிந்தால் கால்கள் தெரிந்தன. “அளவு கச்சிதமா இருக்கு சித்தப்பா, வாங்கிடலாம்” என்றாள். வாங்கிவிட்டோம்.

லாரியில் வந்த இரண்டு இளைஞர்கள் சோபாவை மின்தூக்கிக்குள் படுக்க வைத்துப் பார்த்தார்கள், நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு படிக்கட்டு. இரண்டாவது மாடித் திருப்பத்தில் சோபாவின் முதுகு சுவரில் இடித்து நின்றது. “தாக் போலே மாசுக், பாங்” என்றார் ஒருவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. போக வர இரண்டு வழிப் போக்குவரத்துச் செலவும் எங்கள் தலையில் விழுந்தது.

கைப்பேசி பொய் சொல்லவில்லை. அந்த அறையில் அந்தச் சோபா நன்றாகவே கொள்ளும். அறைக்குப் போய்ச் சேருமா என்று நாங்கள்தான் கேட்கவில்லை. இந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான் ‘ஏ.ஆர்.’ என்ற இந்தத் தொழில்நுட்பம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடியதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பின்னால் போகும் காரில் இருக்கிறது விளக்கம்

‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்பதன் சுருக்கம்தான் ஏ.ஆர். தமிழில் ‘மிகை மெய்ம்மை’ என்று எழுதுகிறார்கள். ‘மிகை யதார்த்தம்’ என்பாரும் உண்டு. பெயரைக் கேட்டதும் ஏதோ விண்வெளி விவகாரம் என்று நினைக்க வேண்டாம். காரைப் பின்னால் எடுக்கும்போது திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் தெரிகின்றன அல்லவா? கேமரா காட்டுவது உண்மையான வாகன நிறுத்துமிடம். அதன் மேல் கணினி வரைந்து வைப்பது கோடுகள். சில கார்களில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கோடும் வளையும். உண்மையான காட்சியின் மேல், சரியான இடத்தில், அந்தந்த நொடியிலேயே ஒரு தகவலை ஒட்டிக் காட்டுவது: ஏ.ஆர். என்பது இவ்வளவுதான். ‘எனக்குத் தொழில்நுட்பமெல்லாம் தெரியாது’ என்று சொல்லும் பலர் தினமும் அதைப் பார்த்துத்தான் காரை நிறுத்துகிறார்கள்.

ரோனால்ட் அசுமா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கு மூன்று நிபந்தனைகள் சொன்னார். உண்மையும் செயற்கையும் கலந்திருக்க வேண்டும். அது நேரடியாக, நம் அசைவுக்கு ஏற்ப மாற வேண்டும். முப்பரிமாணத்தில் இடம் பிசகாமல் பொருந்தியிருக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சினிமாவில் வரும் டைனோசர் ஏ.ஆர். ஆகாது. கணினியில் பின்னால் சேர்க்கப்பட்டது அது; நீங்கள் தலையைத் திருப்பினால் அதுவும் திரும்பாது. கண்ணை முழுவதுமாக மூடும் பெட்டியை மாட்டிக்கொண்டு வேறோர் உலகத்துக்குப் போவதும் ஏ.ஆர். இல்லை, அது ‘வி.ஆர்.’ எனப்படும் மெய்நிகர் உலகம். வி.ஆர். உங்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோகிறது. ஏ.ஆர். வெளியே இருப்பதை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

மூன்றாவது நிபந்தனையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடம் பிசகக் கூடாது. இந்தத் துறையின் வெற்றியும் தோல்வியும் அதில்தான் இருக்கிறது.

இது நேற்று முளைத்த துறையும் இல்லை. 1968-இல் ஐவன் சதர்லேண்ட் என்ற கணினி விஞ்ஞானி, தலையில் மாட்டும் ஒரு கருவியைச் செய்தார். கனம் அதிகம் என்பதால் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டவருக்கு அறைக்கு நடுவே கம்பியால் செய்தது போன்ற ஒரு கனசதுரம் மிதப்பது தெரியும். அவ்வளவுக்குத்தான் அத்தனை பாடு. ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்ற பெயர் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, போயிங் விமானத் தொழிற்சாலையில் பிறந்தது. ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளைப் பெரிய பலகைகளில் வழித்தடம் பார்த்துக் கட்டுவார்கள். எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்பதைத் தொழிலாளியின் கண்ணெதிரே, பலகையின் மேலேயே காட்டிவிட்டால் என்ன என்று டாம் காடல், டேவிட் மிசெல் என்ற இருவர் யோசித்தார்கள். 1992-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே போயிங் நிறுவனம், கம்பி கட்டும் பணியில் ஏ.ஆர். கண்ணாடிகளைப் பயன்படுத்தியபோது வேலை நேரம் 25 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தது. கவனியுங்கள், விளையாட்டுக்காகப் பிறந்த தொழில்நுட்பம் அல்ல இது. கை வேலை செய்பவருக்கு உதவப் பிறந்தது.

ஆனால் நம் ஊரில் அதைப் பிரபலமாக்கியது விளையாட்டுத்தான். 2016 ஆகஸ்டில் ‘போக்கிமோன் கோ’ மலேசியாவுக்கு வந்தபோது பூங்காக்களிலும் பேரங்காடி வாசல்களிலும் கைப்பேசியை நீட்டிக்கொண்டு பிள்ளைகள் திரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் ஒரு வேடிக்கை: தீவிரமாக விளையாடியவர்களில் பலர், பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதிலிருந்த ஏ.ஆர். வசதியை அணைத்து வைத்துவிட்டுத்தான் விளையாடினார்கள்.

பளபளப்பான டைல்ஸ் என்ற எதிரி

மீண்டும் சோபாவுக்கு வருவோம். இல்லாத சோபாவைத் தரையில் அசையாமல் நிறுத்தக் கைப்பேசிக்கு எப்படித் தெரிகிறது?

கேமரா உங்கள் அறையைப் பார்க்கும்போது, எளிதில் அடையாளம் காணக்கூடிய சிறு புள்ளிகளைப் பொறுக்கிக்கொள்கிறது. பாயின் கோடு, மேசையின் மூலை, கம்பளத்தின் பூ வேலைப்பாடு, இப்படி. நீங்கள் கைப்பேசியை நகர்த்தும்போது அந்தப் புள்ளிகள் திரையில் எவ்வளவு நகர்கின்றன என்று பார்க்கிறது. கூடவே, கைப்பேசிக்குள் இருக்கும் அசைவு உணரிகள் ‘கை இவ்வளவு தூரம் நகர்ந்தது, இவ்வளவு திரும்பியது’ என்று சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, தரை எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முடிவு செய்கிறது. 2017-இல் ஆப்பிளும் கூகுளும் இந்தக் கணக்கைச் செய்யும் மென்பொருளைத் தத்தம் கைப்பேசிகளுக்குக் கொண்டுவந்த பிறகுதான், தனிக் கருவி எதுவும் இல்லாமலேயே சாதாரணக் குடும்பங்களுக்கு ஏ.ஆர். கிடைத்தது.

இதில்தான் நம் வீடுகளுக்கு ஒரு சிக்கல். கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளில் பாதிக்கு மேல் வெள்ளை நிறப் பளபளப்பான டைல்ஸ் போட்டவை என்று நான் பந்தயம் கட்டுவேன். வெறும் வெள்ளைத் தரையில் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் கிடைக்காது. போதாக்குறைக்கு, கூரை விளக்கு தரையில் பிரதிபலிக்கும். நாம் நகர்ந்தால் அந்தப் பிரதிபலிப்பும் நகரும். கைப்பேசி குழம்பிப் போகும். சோபா வழுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடும். அல்லது சற்றே பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். இதற்கு வைத்தியம் எளிது. பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். கோரைப் பாய் ஒன்றையோ பழைய நாளிதழையோ (வேண்டுமானால் இந்தப் பக்கத்தையே) தரையில் விரித்துவிட்டு, கைப்பேசியை மெல்லப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று சுழற்றுவதைவிட இரண்டு அடி எடுத்து வைத்து நகர்வது நல்லது.

தரையில் காகிதத்தை வைக்கும் யோசனை என்னுடையது அல்ல. 2013-இல் ஐக்கியா நிறுவனம் செய்ததே அதுதான். அச்சிட்ட பொருள் பட்டியல் புத்தகத்தைத் தரையில் வையுங்கள், கேமராவில் பாருங்கள், அந்த இடத்தில் நாற்காலி தெரியும் என்றார்கள். புத்தகத்தின் அளவு தெரியும் என்பதால் அதை வைத்து நாற்காலியின் அளவைக் கணக்கிட்டார்கள். 2017 செப்டம்பரில் புத்தகம் தேவையில்லாத செயலி வந்தது. ஏறத்தாழ 2,000 பொருள்களை 98 விழுக்காடு துல்லியத்துடன் அறையில் வைத்துப் பார்க்கலாம் என்றது நிறுவனம். கோக்ரேன் எம்.ஆர்.டி. நிலையத்தை ஒட்டியிருக்கும் செராஸ் ஐக்கியாவுக்கு (2015 நவம்பரில் திறந்தது) ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்க் கால் வலிக்கச் சுற்றியவர்களுக்கு அந்த வசதியின் அருமை புரியும். ஐக்கியா மட்டுமல்ல, இப்போது பல கடைகளின் செயலிகளில் ‘உங்கள் அறையில் பாருங்கள்’ என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், தேடிப் பாருங்கள்.

98 விழுக்காடு என்பது நல்ல மதிப்பெண்தான். ஆனால் இரண்டு மீட்டர் நீளமுள்ள சோபாவில் மீதி 2 விழுக்காடு எவ்வளவு? நான்கு சென்டிமீட்டர். கதவு திறக்குமா, இடிக்குமா என்பதை முடிவு செய்ய நான்கு சென்டிமீட்டர் போதும். அதனால், நிறம் பொருந்துகிறதா, அறை அடைத்துக்கொள்கிறதா, உட்கார்ந்தால் தொலைக்காட்சி தெரியுமா என்பதற்கெல்லாம் ஏ.ஆர். போதும். கதவு, மின்தூக்கி, படிக்கட்டுத் திருப்பம் இந்த மூன்றுக்கும் தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவே போதும்.

ஜிமிக்கி, புரட்டாசி, எம்.ஆர்.டி. வாசல்

முகத்தில் நாய்க் காது முளைக்கும் விளையாட்டுப் படங்களைப் பிள்ளைகள் எடுத்து அனுப்புவார்களே, அதே நுட்பம்தான் நகைக் கடைக்கும் போயிருக்கிறது. சென்னையில் தொடங்கிய இணைய நகைக் கடையான கேரட்லேன், 2015 வாக்கிலேயே கைப்பேசி கேமராவில் முகத்தைக் காட்டினால் காதில் தோடு ஆடுவது தெரியும் வசதியைக் கொண்டுவந்தது. தலையை ஆட்டினால் ஜிமிக்கியும் ஆடும். மூக்குக் கண்ணாடி, உதட்டுச் சாயம் எல்லாவற்றுக்கும் இப்போது இது உண்டு. தோடு முகத்துக்கு எடுக்கிறதா என்று இதில் பார்க்கலாம். காதை இழுக்கும் கனம் இதில் தெரியாது. என் மனைவி சொன்ன கருத்து அது. தங்கம் விற்கும் விலையில் அவருடைய பேச்சைக் கேட்பதே எனக்கும் நல்லது.

என் வரையில் அன்றாடம் அதிகம் பயன்படுவது கேமரா மொழிபெயர்ப்பு. ‘வேர்ட் லென்ஸ்’ என்ற சிறு செயலியாக 2010-இல் வந்ததை 2014-இல் கூகுள் வாங்கியது. மறு ஆண்டு தன் மொழிபெயர்ப்புச் செயலியில் சேர்த்தது. புதன்கிழமை இரவு தாமான் கன்னாட் இரவுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடைகள். பாதிப் பலகைகளில் சீன எழுத்து மட்டும். கேமராவை நீட்டினால், அதே பலகையில் அதே இடத்தில் மலாயோ ஆங்கிலமோ தெரியும். தமிழையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தமிழ் சில சமயம் சிரிப்பு மூட்டும். புரட்டாசி மாதத்தில் சைவம் தேடும்போது பொட்டலத்தின் பின்புறப் பட்டியலைப் படிக்க இது பெரிய உதவி. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இதை நம்பி விடாமல் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தாலும் இறால் கடலையாகிவிடும்.

பூமிக்கடியில் இருக்கும் எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து மேலேறி வந்ததும் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நிற்போமே, அதற்கும் மருந்து இருக்கிறது. 2019 முதல் கூகுள் மேப்ஸில் நடந்து போகிறவர்களுக்காக ஒரு வசதி உண்டு. கேமராவை எதிரே இருக்கும் கட்டடங்களுக்குக் காட்டினால், தன்னிடமுள்ள சாலைப் படங்களோடு ஒப்பிட்டு, நீங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று கண்டுபிடித்து, சாலையின் மேலேயே அம்புக்குறி போடும். திசையைத் தெரிந்துகொண்டு கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு நடங்கள். திரையைப் பார்த்தபடி ஜாலான் செராஸைக் கடக்க நினைப்பவரை எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது.

தோலின் மேல் தெரியும் நரம்பு, இல்லாத காலில் வரும் வலி

சோபாவும் ஜிமிக்கியும் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. இடம் பிசகக் கூடாது என்பது உயிர் விஷயமாகும் துறை மருத்துவம்.

வயதானவர்களுக்கு இரத்தம் எடுக்கும்போது இரத்த நாளம் கிடைக்காமல் நான்கைந்து முறை ஊசி குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். என் தாயாரின் கை ஒரு முறை அப்படி நீலம் பாரித்துப் போனது. இதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. அக்யுவெயின் என்ற நிறுவனத்தின் கருவி அவற்றுள் பெயர் பெற்றது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கையின் மேல் பாய்ச்சுவார்கள். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அந்த ஒளியைச் சுற்றியுள்ள சதையைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். எங்கே உறிஞ்சப்பட்டது என்று கருவி பார்த்து, அந்த வரைபடத்தை அந்த நொடியே தோலின் மேல் ஒளியாக வீழ்த்தும். ஆற்றுப் படுகை போல நாளங்கள் கையின் மேலேயே தெரியும். கைப்பேசியும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். இதுவும் ஏ.ஆர்.தான். முதல் குத்திலேயே நாளம் கிடைப்பது இதனால் எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. கை தேர்ந்த தாதியின் விரல் நுனிக்கு ஈடில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். கிடைக்காத கைகளுக்கு, குழந்தைகளுக்கு, இது ஒரு துணை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்தத் தொல்லை இருந்தால், ‘வெயின் ஃபைண்டர் இருக்கிறதா’ என்று மருத்துவமனையில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அறுவை சிகிச்சையிலும் வந்துவிட்டது. 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஒரு நோயாளியின் முதுகெலும்பில் ஆறு திருகாணிகளை ஏ.ஆர். கண்ணாடி அணிந்தபடி பொருத்தினார்கள். வழக்கமாக எலும்பின் ஸ்கேன் படம் பக்கத்துத் திரையில் இருக்கும். மருத்துவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் அந்தப் படம் நோயாளியின் முதுகின் மேலேயே, எலும்பு இருக்கும் அதே இடத்தில் தெரியும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் நரம்பு. போயிங் தொழிலாளியின் கம்பிப் பலகையும் இதுவும் அடிப்படையில் ஒரே யோசனைதான்.

நான் தேடிப் படித்ததில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. கிள்ளானில் இருக்கும் என் மாமாவுக்குச் சர்க்கரை நோயால் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அதன் பிறகும் இரவில் “கட்டை விரல் இழுக்குதுப்பா” என்பார். இல்லாத காலின் கட்டை விரல். வீட்டில் சிலர் அதைப் பிரமை என்றார்கள், சிலர் மனக்கவலை என்றார்கள். அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார். நம் சமூகத்தில் சர்க்கரை நோயால் காலை இழந்தவர் இல்லாத உறவு வட்டமே குறைவு; இப்படிச் சொல்லாமல் அடக்கிக்கொண்டிருப்பவர் எத்தனை பேரோ.

இதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு: மாய உறுப்பு வலி. உறுப்பு போனாலும் மூளையில் அதற்கான இடம் போவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிபோர்னியாவில் பணியாற்றிய நம்மவர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் இதற்கு மிக எளிய ஒரு வழியைக் கண்டார். ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி வைத்தார். கையை இழந்தவர் நல்ல கையைக் கண்ணாடிக்கு முன் வைத்தால், அதன் பிம்பம் இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால் ‘இல்லாத’ கையும் விரியும். இறுகிக் கிடந்த மாயக் கை தளர்ந்தது, வலி குறைந்தது என்றார்கள் சிலர். கணினி இல்லை, மின்சாரம் இல்லை. ஆனால் இல்லாததை, இருக்க வேண்டிய இடத்தில், அசைவுக்கு ஏற்பக் காட்டியது. ஐந்து வெள்ளிக் கண்ணாடியில் செய்த ஏ.ஆர். என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது.

2016-இல் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் ஓர்டிஸ் கட்டலான் குழுவினர் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கையை இழந்து, எந்தச் சிகிச்சைக்கும் கேட்காத வலியோடு இருந்த 14 பேர். எஞ்சிய கைத் தசையில் உணரிகளை ஒட்டினார்கள். திரையில் அவர்களுடைய உருவமும், இழந்த கைக்குப் பதிலாக ஒரு கணினிக் கையும் தெரியும். இல்லாத விரலை மடக்க அவர் முயன்றால், தசைச் சமிக்ஞையைப் படித்துக் கணினிக் கை மடங்கும். 12 அமர்வுகளுக்குப் பிறகு வலி ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆனால் அது ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு சோதனை. பின்னர் பல நாடுகளில் நடந்த பெரிய சோதனையில், இல்லாத கையைக் கற்பனையில் மட்டும் அசைத்துப் பயிற்சி செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வலி குறைந்திருந்தது. இயந்திரத்தின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் பேசி முடியாத விஷயம்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அப்போ இது பைத்தியம் இல்லையா?” அடுத்த மருத்துவச் சந்திப்பில் வலியைப் பற்றி வாய் திறந்து சொன்னார். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் நீளமான கண்ணாடி ஒன்றை இரு தொடைகளுக்கும் நடுவே நிறுத்தி இடது காலை அசைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வலி போய்விட்டதா என்றால், போகவில்லை. சில இரவுகள் தூங்குகிறார்.

கொம்பு தப்பிய தமிழ்

பிள்ளைகளின் படிப்புக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். உதவும், ஆசிரியர் பக்கத்தில் இருந்தால். நமக்கு அருகிலேயே, பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஹலிமா பாடியோஸ் சமான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு ஏ.ஆர். மூலம் மலாய் வாசிப்பைக் கற்பிக்கும் ஒரு பாடத்தொகுப்பை 2011 வாக்கிலேயே உருவாக்கினார்கள். மற்றப் பிள்ளைகளைவிடப் பார்த்துப் புரிந்துகொள்ளும் தேவை அதிகமுள்ள பிள்ளைகளிடமிருந்து தொடங்கியது நல்ல யோசனை.

தமிழில் இப்படிச் செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏ.ஆர். செயலிகளை உருவாக்கப் பலரும் பயன்படுத்தும் யூனிட்டி போன்ற விளையாட்டு மென்பொருள்களில், தமிழ் எழுத்துகள் நீண்ட காலமாகச் சரியாக அமையவில்லை. ‘கொடி’ என்று எழுதினால் கொம்பு இடம் மாறிப்போகும். ஆங்கில எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். நம் எழுத்தில் உயிர்க்குறி முன்னாலும் பின்னாலும் ஒட்டும். அந்தக் கணக்கு அந்த மென்பொருள்களுக்குத் தெரியாது. முப்பரிமாண யானை அழகாக நடக்கும். அதன் கீழே எழுத்து உடைந்து கிடக்கும். ஆறு வயதுக் குழந்தை அதைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்கும். ‘முரசு அஞ்சல்’, ‘செல்லினம்’ ஆகியவற்றை உருவாக்கிய நம் நாட்டின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத்து சரியாக நிற்கப் பல்லாண்டுகள் உழைத்தார்கள். ஏ.ஆர். உலகில் அந்த வேலையில் பாக்கி இருக்கிறது. மென்பொருள் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இங்கே செய்வதற்கு வேலை உண்டு. செயலியை வெளியிடும் முன் ‘கொ, கோ, கௌ’ மூன்றையும் திரையில் எழுதிப் பார்த்தால் பாதி மானம் தப்பும்.

கேமரா யாருக்காகத் திறந்திருக்கிறது?

தலையில் மாட்டும் கருவிகள்தான் எதிர்காலம் என்று நிறுவனங்கள் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகின்றன. கூகுள் கிளாஸ் 1,500 அமெரிக்க டாலருக்கு வந்தது. எதிரே இருப்பவரைத் தெரியாமல் படமெடுக்கும் கருவி என்று பெயர் கெட்டுப் பொதுமக்களிடம் எடுபடாமல் போனது. மைக்ரோசாப்ட் தன் ஹோலோலென்ஸ் தயாரிப்பை 2024-இல் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிள் 3,499 டாலருக்கு விஷன் புரோவை விற்க ஆரம்பித்தது. அந்தப் பணத்தைச் செலவழிக்க இப்போதைக்குக் குடும்பங்களுக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. கையில் இருக்கும் கைப்பேசி போதும்.

விலையைவிடப் பெரிய கேள்வி வேறு. ஏ.ஆர். வேலை செய்ய வேண்டுமானால் கேமரா உங்கள் வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும். சோபாவை வைத்துப் பார்க்கும்போது அறையின் நீள அகலம், சுவரில் மாட்டியிருக்கும் திருமணப் படம், மேசையில் கிடக்கும் மின்கட்டண ரசீது எல்லாமே கேமராவின் கண்ணில் படுகின்றன. தனிநபர் தரவைக் காக்க நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது வேலை செய்வதற்கு முன் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செயலி கேமராவுக்கு அனுமதி கேட்கும்போது ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முகத்தைக் காட்டி விளையாடும் செயலி தொடர்புப் பட்டியலையும் கேட்டால், அதற்கு எதற்கு அது என்று யோசியுங்கள். அறையைக் காட்டும் முன் மேசையைக் கொஞ்சம் ஒழித்து வையுங்கள். விருந்தாளி வந்தால் செய்வோமே, அதே போல.

எங்கள் வீட்டுக்கு இந்த மாதம் இரண்டு பேர் உட்காரும் சோபா ஒன்று வந்து சேர்ந்தது. இந்த முறையும் அண்ணன் மகள் முதலில் கைப்பேசியில் வைத்துப் பார்த்தாள், தரையில் கோரைப் பாயை விரித்து. பிறகு கீழே போய், மின்தூக்கியின் கதவுக்குக் குறுக்கே என் மனைவி அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையைப் பிடித்து மூன்று முறை அளந்தாள். நடுவில் கதவு மூடிக்கொள்ளப் பார்த்தது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.